பொட்டிக்குள்ள போன சாம்பிராணிப் புகை

ஏனுங் தம்பி, கால சித்த தள்ளி வெச்சுக்குங்க. அது பாத்திரப் பொட்டி இல்லீங்க, கம்ப்யூட்டரு. மேல சுத்தியிருக்கறது எங்கூட்டம்மா சீலைங்க. பழைய சீலை, மெத்துனு இருக்கும், அதுக்குத்தான் சுத்துனேன். ஏறும்போதே கண்டக்டர் சொல்லிப்போட்டான், "பெருசு, அதுக்கு லக்கேஜ் போடோணும், ஒரு ஆளு எடத்தைப் புடிக்குது"ன்னு. ஆளு எடம்னா சன்னலோரமாக் குடப்பா, அதும் காத்து வாங்கட்டும்னேன். மொறச்சுட்டுப் போறான். நீங்க கோயமுத்தூருங்களா? நானும் அங்கதான் போறேன். தூக்கம் வந்தாத் தூங்குங்க. நாம்பாட்டுக்குப் பேசிட்டு வாரேன், எனக்கு வாய் மூடாது. எங்கூட்டம்மா சொல்லுவா, "உங்க வாய்க்கு ஒரு மூடி செஞ்சு வெக்காமப் போயிட்டாரு உங்கப்பாரு"ன்னு.

அவ போயிட்டாளுங்க. ஆடி மாசம். மயிலாத்தான்னு பேரு. நெஞ்சு வலிக்குதுன்னா, சுக்குத்தண்ணி வெச்சுக் குடிடின்னேன், குடிச்சா, படுத்தா. அவ்வளவுதாங்க.

நான் காங்கயத்துல எடை மேடை வெச்சிருந்தவனுங்க. வெள்ளியங்கிரி எடை மேடைன்னா லாரிக்காரங்க அல்லாருக்கும் தெரியும். தேங்காப் பருப்பு லாரி, நெல்லு லாரி, கல்லு லாரி, ஏறி நின்னா எடை போட்டுச் சீட்டுக் குடுப்போம். எடை கொறஞ்சா டிரைவர் மெசின வைவான். ஆடமாட்டாதவ கூடங் கோணல்னாளாம், அந்தக் கதைதான். நான் என்ன பண்ணுவேன், முத்திரை போட்ட எடக்கல்லு வெச்சிருப்பேன், அதைத் தூக்கி மேடையில ஏத்திக் காட்டுவேன். கல்லு எடை சரியாக் காட்டுதா? காட்டுது. அப்ப மெசினுல கொறை இல்ல, உன்ற சரக்குலதான் கொறை, போடா எறங்கிம்பேன். அதனால மெசினப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு மட்டும் நெனச்சுப்போடாதீங்க. மேடைய வித்துப்போட்டு ஊட்ல உக்காந்தப்பறம்தான் இந்தச் சனியன் வந்துச்சு.

எம்புள்ள வாங்கிக் குடுத்ததுங்க. கோகிலவாணி. ஒத்தப் புள்ள. ஆஸ்திரேலியாவுல அவளுக்கும் மாப்பிள்ளைக்கும் வேலை. போறதுக்கு முன்னால இதை வாங்கியாந்து, மேல ஒரு கேமராவ மாட்டி, "அம்மா, இதைத் தட்டுனா நான் வருவேன், நான் தட்டுனா நீங்க வருவீங்க"ன்னு அவங்கம்மாவுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போனா. எங்கூட்டம்மா கையெழுத்துப் போடறவ, அவ்வளவுதான் படிப்பு. அவ கத்துக்கிட்டா பாருங்க! ஆயுத பூசைக்கு, கையில புடிச்சு நகத்துவாங்கல்ல, அந்த எலி மேல குங்குமம் வெச்சா, அது சிவப்பாவே கெடக்குது இன்னும். பொழுதோட ஆச்சுன்னா மொகம் கழுவி, பொட்டு வெச்சு, சீலை மாத்திட்டு முன்னால உக்காந்துக்குவா. என்னமோ பொண்ணு பாக்க வந்த மாதிரி. மணி அடிக்கும். அவளும் புள்ளையும் பேசறதக் கேட்டா, என்ன கொழம்பு, என்ன பொரியல், இதே பேச்சுத்தான். நான் பின்னாடி நின்னுட்டு, "அங்க மழைங்களா கண்ணு"ன்னு ஒன்னு கேப்பேன். "ஆமாங்கப்பா"ம்பா. அதுக்கு மேல அப்பனும் புள்ளையும் என்னத்தப் பேசறது.

நான் சொல்ல வந்தது கோளாறப் பத்தி. கோளாறு எப்ப ஆரம்பிச்சுதுன்னு எனக்கு நல்லாத் தெரியுங்க, கருமாதி அன்னைக்குத்தான். எழவுக்கு எம்புள்ள வல்லீங்க. வரமுடியலைன்னா. "டாக்டரு பிளேன்ல ஏறக்கூடாதுங்கறாங்கப்பா"ன்னு அழுவறா. என்ன நோவு கண்ணுன்னா, சொல்லமாட்டீங்கறா. "ஒடம்பு சரியில்லப்பா"ன்னு அதையே திருப்பித் திருப்பிச் சொல்றா. பெத்தவ பொணமாக் கெடக்கறா, இவளுக்கு ஒடம்பு சரியில்ல! ஒரம்பரை அல்லாரும் என்ற மொகத்தையே பாக்கறாங்க. கொள்ளி நான் வெச்சேன். சரி, கருமாதிக்காச்சும் பாக்கட்டும்னு என்ற மச்சினந்தான் ஸ்டூலு போட்டு, இந்தக் கம்ப்யூட்டரத் தூக்கி நடு ஊட்ல வெச்சுத் தொறந்துட்டான். அவ படத்துல உக்காந்துட்டு அங்கிருந்து கும்புட்டுட்டு இருக்கறா. ஐயரு சாம்பிராணி போட்டாரு பாருங்க, கொஞ்சநஞ்சமில்ல, ஊடே தெரியல. பொட்டி அந்தப் புகைக்குள்ளயே இருந்துச்சு. எடை மேடையில ஒரு செங்கல் லாரி தூசி போனாலே முள்ளு தப்பாக் காட்டும். புகை உள்ள போனா சும்மா உடுங்களா?

அப்ப நான் தலை முழுகிட்டு, ஈரத் துண்டோட உள்ள வந்தேன். வந்தவன் நேரா இது முன்னால நின்னு, கோவத்துல ஒரு வார்த்தை சொன்னனுங்க. "உங்கம்மாளுக்கு முழுகுன தலையோட உனக்கும் சேத்து முழுகிட்டேன். இனி எனக்குப் புள்ளையும் இல்ல, ஒன்னும் இல்ல"ன்னு. அது சும்மா ஒரு கோவத்துல வர்றதுதானுங்க. நம்ம பக்கத்துல அப்பன்மாரு சொல்லாததா? எங்கப்பாரு என்னைய ஏழெட்டுத் தடவை தலை முழுகியிருக்கறாரு, மறுநாளு "சோறு திங்க வாடா"ன்னு கூப்புடுவாரு. அவ கும்புட்ட கைய எறக்காம அப்பிடியே பாத்துட்டு இருந்தா. நெம்ப நேரம் பாத்தா. படம் நின்னு போச்சோன்னு கூட நெனச்சேன். அப்பறம் பொசுக்குனு இருட்டாயிருச்சு. கோளாறு அப்பவே ஆரம்பிச்சுப்போச்சு, எனக்குத்தான் தெரியல.

அன்னைலருந்து மணி அடிக்கறதே இல்லீங்க. நாந் தட்டுனாலும் போறதில்ல. அவ பேருக்குப் பக்கத்துல ஒரு வட்டம் இருக்கும், அதுக்குள்ள சிரிச்சுட்டு இருக்கற மாதிரி அவ போட்டோ இருக்கும். அதுவும் அழிஞ்சு போயி, சாம்பல் கலர்ல மொகமில்லாம ஒரு தலை. அவங்கம்மா உக்காந்த நேரத்துக்கு நானும் மொகங் கழுவி உக்காருவேன். பொழுது எறங்கி, கொசு வந்து, எந்திரிச்சுப் போயிருவேன். வெசனமா இருக்குமுங்க தம்பி. வெறும் ஊடு.

அப்படி உக்காந்திருக்கறப்ப ஒரு நாளு திரை பூராச் சிவப்பாயி, அபாயம்னு ஒரு நம்பரு வந்துச்சு. கூப்புட்டேன். ஒருத்தன் பாதி இங்கிலீசு, பாதி என்னமோ பாசை, நடுவுல தமிழு. "சார், உங்க கம்ப்யூட்டர் பூரா வைரஸ் சார், இது ஒன்னுலருந்து ஒன்னுக்கு ஒட்டும் சார்"னான். பாத்தியா, நாஞ் சொல்லல, உள்ள என்னமோ போயிருக்குதுன்னு நெனச்சுக்கிட்டேன். அவன் சொன்னதையெல்லாம் தட்டுனேன். அப்பறம் பாருங்க, அந்த அம்புக்குறி இருக்குதல்லங்க, அது தானா நகருது! நாங் கையக் கட்டிட்டு உக்காந்திருக்கறேன், அது பாட்டுக்கு அங்க போகுது, இங்க போகுது, எதையோ தொறக்குது, மூடுது. ஊட்ல ஆளு நடமாட்டம் வந்த மாதிரி இருந்துச்சுங்க. பணத்தை வாங்கிட்டு, சுத்தம் பண்ணியாச்சுன்னு போயிட்டான். மணி அடிச்சுதா? இல்ல. மறுக்கா அந்த நம்பருக்குப் போட்டா ஆளே இல்ல. திருட்டுப் பய.

அதுக்கப்பறம் பேப்பருல விளம்பரம் பாத்து, ஒரு கம்பெனியில வருசத்துக்குப் பணம் கட்டிச் சேந்தேன். எப்ப வேணாலும் கூப்புடலாம், எத்தனை தடவை வேணாலும் கூப்புடலாம்னாங்க. நல்ல கம்பெனியின்னு நெனச்சேன். அதுல பெனிட்டான்னு ஒரு புள்ளைங்க. மார்த்தாண்டம் பக்கமாம், சென்னையில உக்காந்துட்டுப் பேசுது. நெம்பப் பொறுமை. "சார், லைன்ல இருங்க, நான் பார்க்கிறேன்"ங்கும். அம்புக்குறி மெதுவா நகரும். அந்தத் திருட்டுப் பய அம்பு மாதிரி ஓடாது. நான் சாம்பிராணிப் புகை போயிருச்சு சாமின்னு சொன்னேன். அந்தப் புள்ள சிரிக்கல. "புகையால இது ஆகாது சார், ஆனா பார்த்திரலாம்"னுச்சு. பழைய சாப்ட்வேர எடுத்துப்போட்டுப் புதுசா ஏத்துச்சு. அப்பறம் அதைய எடுத்துப்போட்டு வேற ஒன்னு. அது ஓடி முடிக்கற வரைக்கும் லைன்ல இருக்கோணுமல்ல, அப்பப் பேசுவோம். "சாப்பிட்டாச்சா சார்"னு கேக்கும். புளிச்சோறுதான் கண்ணு, நேத்து வெச்சதும்பேன். "நேத்து வெச்சதைச் சாப்பிடாதீங்க சார்"னு திட்டும். நெசத்தைச் சொன்னா என்ன தம்பி, கோளாறு இல்லாத நாளுலயும் நான் கூப்புட்டிருக்கறேன். எலி நகரமாட்டீங்குதுன்னு பொய் சொல்லிப்போட்டு.

ஒரு நாளு, நான் பொடக்காலியில துணி தொவைச்சுட்டு இருக்கறேன். மணி அடிக்குதுங்க! அதே மணி! ஈரக் கையோட ஓடியாறேன், நடையில வழுக்கி முட்டி பேந்து போச்சு, அதோட எந்திரிச்சு ஓடியாந்து தட்டி, "கண்ணு, கோகிலா, அப்பா சாமி"ங்கறேன். "சார், நான் பெனிட்டா. டெஸ்ட் கால் சார். இங்கிருந்து கூப்பிட்டா வருதான்னு பார்த்தேன்"ங்குது. முட்டியில ரத்தம். நான் அப்பிடியே உக்காந்துட்டேன். அந்தப் புள்ளைக்கும் தெரிஞ்சிருக்கும்போல.

அப்பறம் அது சொல்லுது, "சார், தப்பா எடுத்துக்காதீங்க. உங்க பக்கம் எல்லாம் சரியா இருக்கு. நான் கூப்பிட்டா வருது, பார்த்தீங்கல்ல. அந்தப் பக்கம்தான் சார், அவங்க உங்கள பிளாக் பண்ணியிருக்காங்க."

அப்பிடின்னா என்ன சாமின்னேன்.

"உங்க கால் வரவேண்டாம்னு அவங்களே கதவை மூடி வெச்சிருக்கறது சார்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். எம்புள்ளையப் பத்திப் பேச நீ யாருன்னேன். வேல தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லு, பணத்தை வாங்கிப்போட்டுக் குடும்பத்துக்குள்ள பூந்து கதை கட்டாதேன்னேன். அது அழுகற மாதிரி ஆயிருச்சு. "எனக்குத் தெரியும் சார். நானும் எங்கப்பாவை அப்படித்தான் வெச்சிருக்கேன். ஒரு வார்த்தை சார், மன்னிச்சுக்கன்னு ஒரே ஒரு வார்த்தை யார்கிட்டயாவது சொல்லி அனுப்புங்க, அவங்க திறந்துருவாங்க"ங்குது. பாருங்க தைரியத்தை! பெத்த அப்பன் புள்ளைகிட்ட மன்னிப்புக் கேக்கறதா? அப்ப நீ கெட்ட புள்ள, எம்புள்ள அப்பிடி இல்ல, அப்பனுக்குக் கதவ மூடறவ இல்லன்னு சொல்லிப்போட்டு வெச்சுட்டேன். உட்டனா? அந்தக் கம்பெனி மேனேஜரக் கூப்புட்டு, உங்க ஆளு இப்பிடிப் பேசுதுன்னு நல்லாக் குடுத்தேன். அவன் "சாரி சார், சாரி சார்"ங்கறான்.

அடுத்த தடவை கூப்புட்டா அந்தப் புள்ள இல்லீங்க. வேற ஒருத்தன். பெனிட்டா எங்கப்பான்னா, "அவங்க இப்ப இங்க இல்ல சார்"ங்கறான். அதுக்கடுத்த தடவை இன்னொருத்தி. ஒவ்வொருத்தருக்கும் மொதல்ல இருந்து சொல்லோணும், கருமாதி, சாம்பிராணி, இருட்டு. எவனும் காது குடுத்துக் கேக்கறதில்ல. "பதிவு பண்ணியாச்சு சார்"ங்கறான். சித்த நேரத்துல என்ற போனுக்கு மெசேஜ் வருது, உங்க பிரச்சனை தீர்க்கப்பட்டதுன்னு. யார்ரா தீத்தது? மணி அடிச்சுதா? அந்தப் புள்ள இருந்தாலாச்சும் சோறு தின்னியான்னு கேக்கும். கொஞ்சம் எச்சாப் பேசிப்போட்டனோ என்னமோ. உடுங்க, அதும் எச்சாத்தான் பேசுச்சு.

அக்கட்டால என்ற மச்சினன் ஊட்டுக்கு மட்டும் கோகிலா வாராவாரம் பேசறாளாமா. அவனுக்கு வேற நெட்டு கனெக்‌ஷனு, அதான். அவம் போன வாங்கிப் பேசுங்க மாமாங்கறான். அவங்கிட்டப் போயி நான் நிக்கோணுமா? எம்புள்ளகிட்டப் பேச எனக்கு நடுவுல ஒரு ஆளா? போடான்னுட்டேன்.

போன வெள்ளிக்கெழமை மாரியாத்தா கோயல்ல வெச்சு மச்சினன் சம்சாரம் சொன்னா. "அண்ணா, கோகிலாவுக்குப் பொண்ணு பொறந்திருக்குதுங்க. மயிலுன்னு கூப்புடறாங்களாமா"ன்னு. தம்பி, எனக்குக் கையுங் காலும் ஓடல. அப்பத்தான் வெரலு உட்டு எண்ணிப் பாக்கறேன். ஆடியில அவ புள்ளத்தாச்சிங்க. புதுசு. மூணு மாசம் முடியாம நம்ம பக்கம் வெளிய சொல்லமாட்டாங்கல்ல, அதுவும் எழவூட்ல எப்பிடிச் சொல்லுவா? ஒரம்பரை பூரா நிக்குது, அவங்கம்மா கெடக்கறா. "ஒடம்பு சரியில்லப்பா"ன்னு முழுங்கிட்டா. அவங்கம்மா இருந்திருந்தா அந்தக் கொரலக் கேட்டே கண்டுபுடிச்சிருப்பா. எனக்கென்ன சோசியமா தெரியும், சொல்லுங்க.

இப்ப என்ன ஆகியிருக்கும்னு நெனைக்கறீங்க? கொழந்தைய மடியில வெச்சுட்டு, அப்பனுக்குக் காட்டோணும்னு தட்டியிருப்பா. போகல. மறுக்காத் தட்டியிருப்பா. போகல. அப்பன் நெசமாவே தலை முழுகிட்டான், எடுக்கமாட்டீங்கறான்னு அழுதுட்டு இருப்பாளுங்க. அதை நெனச்சா எனக்குச் சோறு எறங்கலீங்க தம்பி. புள்ள பெத்த பச்ச ஒடம்போட அழுகலாமா? அதான் வெடியால எந்திரிச்சு, ஒயரெல்லாம் புடுங்கி, இதைத் தூக்கிட்டுப் பொறப்பட்டுட்டேன். காந்திபுரத்துல ஒரு பெரிய கடை இருக்குதாமா. பொட்டியக் கழட்டி, உள்ள பூராத் தொடச்சுக் குடுங்கன்னு சொல்லப் போறேன்.

சூலூரு வந்துருச்சுங்களா? அதுக்குள்ளயா.

தம்பி, ஒன்னு கேட்டாத் தப்பா நெனச்சுக்கமாட்டீங்களே? உங்க போனு அந்த வெளிநாடெல்லாம் பேசற போனுதானுங்க? எனக்கு இந்தப் பட்டனு போனு, சென்னை தாண்டாது. ஒரே ஒரு தடவை போட்டுப் பாக்கலாமுங்களா? நம்பரு இதுலயே இருக்குதுங்க. இருங்க, சீலைய எடுக்கறேன். இந்தா பாருங்க, பக்கவாட்டுல எங்கூட்டம்மா ஸ்கெட்சுல எழுதி வெச்சிருக்கறா. ஏழு திரும்பி நிக்குது பாருங்க, அவளுக்கு ஏழு எப்பவும் அப்பிடித்தான் வரும். எடக்கல்லு ஏத்தற மாதிரின்னு வெச்சுக்குங்க. உங்க போன்ல போச்சுன்னா, இந்தப் பொட்டியிலதான் கோளாறுன்னு தீந்துச்சல்ல?

போட்டுட்டீங்களா? இது என்னதுங்க போட்டோ? அட, வட்டத்துல... அவதானுங்க! எம்புள்ளைங்க! சாம்பல் தலை இல்லீங்களே, மொகம் இருக்குதே. அய்யோ, கையில கொழந்தைங்க. மூக்கப் பாருங்க தம்பி, எங்கூட்டம்மா மூக்கு அப்பிடியே இருக்குது. சித்த இருங்க, கண்ணாடியத் தொடச்சுக்கறேன். மயிலு. ஏனுங் மயிலு.

அடிக்குதுங்களா? அடிக்குதுங்க தம்பி, அடிக்குது! எங்க, இங்க குடுங்க.

"ஹலோ, யாருங்க?"ங்கறாளுங்க. கேட்டுச்சுங்களா? கொழந்தை அழுகுது பின்னால. கண்ணு... கோகிலா... அப்பா, கண்ணு. அப்பா பேசறேன் சாமி. அங்க மழைங்களா கண்ணு?

கண்ணு?

தம்பி, சத்தமே காணமுங்களே. இந்தாங்க, பாருங்க. நின்னு போச்சுங்களா? மறுக்காப் போடுங்க. போகலீங்களா? நல்லாப் போடுங்க. இதென்னதுங்க, போட்டோ எங்க? இப்பத்தான இருந்துச்சு. கொழந்தை இருந்துச்சே. சாம்பல் தலை வந்துருச்சுங்களே.

அய்யய்யோ, ஒட்டிக்கிச்சு. எங்கையி பட்டு உங்க போனுக்கும் ஒட்டிக்கிச்சுங்களே. நல்லாத்தான இருந்துச்சு, நீங்க வெச்சிருந்த வரைக்கும் நல்லாத்தான இருந்துச்சு. நீங்களே பேசியிருக்கோணும். எங்கிட்டக் குடுத்திருக்கக் கூடாதுங்க. எறங்குனதும் மொதல்ல அதைக் கடையில காமிச்சுருங்க, ஆகறதை நாங் குடுத்தர்றேன். தம்பி, மொகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்காதீங்க, கோவமுங்களா? தெரியாமப் பண்ணிப்போட்டனுங்க. மன்னிச்சுக்குங்க. மன்னிச்சுக்குங்க தம்பி.